வேலியில் தொங்கும் வெள்ளைத் துண்டுகள்: ஓரிகன் பொதுநிலத்தில் மாடும் கௌதாரியும்

#1 மந்தைவெளி

போன மாதம் ஐடஹோவின் போய்சி நகரத்திலிருந்து கிளம்பி, அமெரிக்காவின் மேற்கிலுள்ள ஓரிகன் மாநிலத்தின் ஹார்னி கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) வழியாகத் தெற்கே காரில் போனேன். அந்த ஒரு கவுண்டி மட்டுமே 10,000 சதுர மைலுக்கு மேல். தமிழ்நாட்டில் ஐந்தில் ஒரு பங்கு. அதில் வாழ்பவர்கள் சுமார் 7,500 பேர். சாம்பல் பூத்த பச்சைப் புதர், வானம், அங்கங்கே கறுப்பு மாடுகள். அவ்வளவுதான்.

இரண்டு சங்கதிகள் புதிராக இருந்தன. முள்கம்பி வேலியின் மேல் கம்பியில் விரல் நீளத்துக்கு வெள்ளை பிளாஸ்டிக் துண்டுகளை வரிசையாக மாட்டியிருந்தார்கள். மாடு தண்ணீர் குடிக்கும் தொட்டிக்குள் கம்பிவலையில் செய்த ஒரு சரிவு இறங்கியது. பெட்ரோல் போடுகிற இடத்தில் நின்ற பெரியவரிடம் கேட்டேன். எல்லாம் பறவைக்காக என்றார். அந்த நிலம் யாருடையது என்றேன். "உன்னுடையதும்தான்" என்றார். நான் இன்னும் குடியுரிமை வாங்காத பச்சை அட்டைக்காரன்தான் என்று அவரிடம் சொல்ல வாய் வரவில்லை.

விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அரசு நிலத்தில் தனியார் மாடு எப்படி மேய்கிறது? மாட்டுக்காரர் ஒரு பறவைக்காக ஏன் மெனக்கெடுகிறார்? 2016இல் துப்பாக்கியோடு வனவிலங்குக் காப்பகத்தைப் பிடித்து வைத்துக்கொண்டவர்களும் இந்த ஊர்க்காரர்கள்தானே?

#2 முள்வேலி

கடைசிக் கேள்விக்கு மட்டும் உடனே பதில்: இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன். புல்வெளிச் சூழலியல் படித்தவன் நான். நெவாடாவிலும் ஓரிகனிலும் சில கோடைகள் புல் அளந்து வயிறு வளர்த்தவன். கொஞ்சம் நீளமாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மேற்கே குடியேறியவர்கள் ஊற்று, ஓடை, ஈரப் புல்தரை என்று தண்ணீர் உள்ள இடத்தையெல்லாம் முதலில் வளைத்துக்கொண்டார்கள். யாரும் கேட்காமல் கிடந்த வறண்ட மேட்டுநிலம் அரசிடமே தங்கிவிட்டது. நம் ஊர் மேய்ச்சல் புறம்போக்கைப் பல லட்சம் மடங்கு பெருக்கிக்கொள்ளுங்கள். முந்திய மந்தைக்குப் புல் என்றிருந்ததால் நிலம் மொட்டையானது. 1934இல் வந்த டெய்லர் மேய்ச்சல் சட்டம்தான் அதற்கு வரம்பு கட்டியது. எத்தனை மாடு, எந்த மாதம், எந்த வேலிக்குள் என்பதெல்லாம் பெர்மிட்டில் எழுதப்பட்டன. இன்று நில மேலாண்மைப் பணியகம், அதாவது பி.எல்.எம்., சுமார் 24.5 கோடி ஏக்கரைப் பார்த்துக்கொள்கிறது. அதில் 15.5 கோடி ஏக்கரில் மேய்ச்சல் உண்டு. ஏறத்தாழ ஐந்து தமிழ்நாடு. பெர்மிட்டுகள் 18,000 அளவில், பெரும்பாலானவை பத்தாண்டுக்கானவை. சொந்தமாக ஒரு பண்ணை இருப்பவருக்குத்தான் பெர்மிட் கிடைக்கும். கீழே ஈரமான பட்டா நிலம், மேலே வறண்ட பொதுநிலம். இரண்டும் சேர்ந்ததுதான் ஒரு மாட்டுப் பண்ணை.

இப்போது பறவை. சேஜ் கௌதாரி என்று வைத்துக்கொள்வோம். சேவல் மூன்று கிலோ வரை வரும். வசந்த காலத்து விடியலில் சேவல்கள் ஒரு வெட்டவெளியில் கூடி, மார்பிலுள்ள மஞ்சள் காற்றுப்பைகளை உப்பவைத்துக் குமுறி ஆடும். ஆண்டுதோறும் அதே ஆட்டக்களம். குளிர்காலம் முழுக்க ஏறக்குறைய சேஜ்புதர் (நீங்கள் பார்த்த அந்தச் சாம்பல் பச்சைப் புதர்) இலையே சாப்பாடு. ஆனால் குஞ்சு பொரித்த பிறகு பூச்சியும் பிஞ்சுக் கீரையும் வேண்டும். வெயில் ஏறியபின் அவை கிடைப்பது ஈரப் புல்தரையில். அது யார் கையில் இருக்கிறது? மேலே சொன்னேனே, மாட்டுக்காரர் பட்டாவில்.

ஆடுவது அரசு நிலத்தில், குஞ்சு வளர்ப்பது தனியார் நிலத்தில். வேலிக்கு ஒரு பக்கத்துக்கு மட்டும் திட்டம் போட்டு இந்தப் பறவையைக் காப்பாற்ற முடியாது. கூட்டுத் திட்டம் என்று ஒன்று பிறந்ததற்கு இதுதான் வேர்.

வெள்ளைத் துண்டு: வீட்டுச் சுவருக்கு ஒட்டும் வினைல் பட்டையை நறுக்கிச் செய்தது. விடியற்காலையில் தாழப் பறந்து களத்துக்கு வரும் கௌதாரிக்குக் கம்பி தெரியாது, மோதிச் சாகும். தொட்டிச் சரிவு: தண்ணீர் குடிக்க வந்து உள்ளே விழுந்த பறவை ஏறித் தப்புவதற்கு. செத்த பறவை மிதக்கும் தண்ணீரை மாடும் விரும்பாது.

#3 சல்லடை

அழகான படம். பணக்கணக்கையும் சேர்த்துச் சொல்லுங்கள் ஐயா.

ஒரு பசுவும் கன்றும் ஒரு மாதம் மேய ஆகும் புல்லுக்கு அரசு பல ஆண்டுகளாக வாங்கிய கட்டணம் 1.35 டாலர். ஒரு காபிக்குக் காணாது. அதே புல்லைத் தனியாரிடம் குத்தகைக்கு எடுத்தால் இருபது டாலருக்கு மேல். 2004 நிதியாண்டில் மேய்ச்சலுக்காக அரசு செலவிட்டது குறைந்தது 14.4 கோடி டாலர், திரும்ப வந்தது சுமார் 2.1 கோடி என்று அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பே கணக்குக் காட்டியது. மலிவாகப் புல்லும் கொடுத்து, அதன்மேல் கௌதாரியைக் கொல்லாமல் இருப்பதற்கு மானியமும் கொடுத்து, அதற்குப் பெயர் கூட்டுப் பாதுகாப்பு! 1965க்குப் பிறகு இந்தப் பறவை நூற்றுக்கு எண்பது குறைந்துவிட்டது என்பதையும் எழுதியிருக்கலாமே.

#4 முள்வேலி

எண்கள் சரி. மறுக்கவில்லை. இரண்டை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். பொதுநிலத்தில் வேலியைச் செப்பனிடுவது, வறட்சியில் லாரியில் தண்ணீர் கொண்டுபோவது போன்ற செலவுகளில் பெரும்பகுதி மாட்டுக்காரர் தலையில் விழுகிறது. தனியார் குத்தகையில் அவற்றை நிலக்காரர் பார்த்துக்கொள்வதுண்டு. ஆகவே 1.35ஐயும் 20ஐயும் அப்படியே தராசில் வைக்க முடியாது. அப்படியும் மலிவுதான்.

இரண்டாவது: பண்ணை நொடித்துப்போனால் முதலில் விலைபோவது அந்த ஈரப் புல்தரை. அதில் வீட்டுமனை வந்தால் மேலே உள்ள பொதுநிலத்தை எவ்வளவு காத்தும் பயனில்லை.

#5 சல்லடை

ஹார்னியின் தலைநகரான பர்ன்ஸில் யார் ஐயா வீட்டுமனை வாங்கப் போகிறார்கள்? மந்தைவெளி சொன்ன பெட்ரோல் பெரியவரா? அந்த வாதம் கொலராடோ பள்ளத்தாக்குகளில் செல்லும். ஹார்னியில் செல்லாது.

#6 முள்வேலி

ஒப்புக்கொள்கிறேன். ஹார்னிக்கு அது பொருந்தாது.

#7 ஆட்டுக்கிடை

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறை ஆடு. எனக்குப் பணக்கணக்கு புரியாது, புல்கணக்கு புரியும். எத்தனை மாடு என்பதைவிட எந்தப் பட்டத்தில், எத்தனை நாள் நிற்கிறது என்பதுதானே பெரிது? ஒரே இடத்தில் கிடை போட்டால் நிலம் நாறிவிடும். அங்கே எப்படி மாற்றுகிறார்கள்? மாடு தின்று முடித்ததா இல்லையா என்று யார் பார்த்துச் சொல்வது?

#8 முள்வேலி

நான் மிகவும் எதிர்பார்த்த கேள்வி. புல் கதிர்விடும் பருவத்தில் ஆண்டுதோறும் ஒரே வேலிக்குள் மேய்த்தால் வேர் சுருங்கிப் புல் செத்துவிடும். அதனால் இந்த ஆண்டு வசந்தத்தில் மேய்ந்த வேலியை அடுத்த ஆண்டு விதை உதிரும்வரை விட்டுவைப்பார்கள். சில வேலிகளுக்கு ஓராண்டு முழு ஓய்வு. ஓடைக்கரையில் கோடை முழுக்க மாடு நிற்பதுதான் பெரிய கேடு. அதை மட்டும் மாற்றியதால் நெவாடாவின் எல்கோ பக்கம் சூசி கிரீக் என்ற ஓடையில் நாணலும் வில்லோ மரமும் வந்து, பின்னாலேயே ஓடையில் அணை கட்டும் பீவர் என்ற விலங்கும் வந்தது. மாடு அங்கே இன்றும் மேய்கிறது, நேரம்தான் மாறியது.

யார் பார்த்துச் சொல்வது என்றீர்கள். அங்கேதான் வில்லங்கம். 2015இல் வந்த பொதுநிலத் திட்டங்களில் கௌதாரி கூடு கட்டும் இடத்தில் புல் ஏழு அங்குலம் இருக்க வேண்டும் என்று ஓர் இலக்கு இருந்தது. மாட்டுக்காரர்கள் கொதித்தார்கள். வறண்ட ஆண்டில் மாடே போகாத இடத்தில்கூடப் புல் ஏழு அங்குலம் வராது என்றார்கள். எங்களைப் போன்ற படித்த கூட்டம், ஆய்வு அப்படித்தான் சொல்கிறது என்றது. உயரமான புல்லுள்ள கூடுகள் அதிகம் தப்பின என்று பல ஆய்வுகள் காட்டியிருந்தன.

பிறகு ஓட்டை தெரிந்தது. கூடு அழிந்தால் அழிந்த உடனே போய்ப் புல்லை அளந்தார்கள். தப்பிய கூட்டில் குஞ்சு பொரித்துக் கிளம்பும்வரை காத்திருந்து அளந்தார்கள். இடைப்பட்ட நாட்களில் புல் வளர்ந்துவிட்டது! தப்பிய கூட்டில் புல் உயரமாக இருந்ததற்குப் பாதிக் காரணம் நாட்காட்டி. தேதியைச் சரிக்கட்டிப் பார்த்தபோது பல இடங்களில் அந்த வேறுபாடு கரைந்துபோனது. அளவுகோலைப் பிடித்தவன் என்ற முறையில் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. மாட்டுக்காரரைத் திட்டம் எழுதும் மேசையில் உட்காரவைப்பது மரியாதைக்காக மட்டும் அன்று. எந்தச் சரிவில் புல் எப்போது எவ்வளவு வரும் என்று அவருக்குத்தான் தெரியும்.

#9 தென்கிழக்கு

நான் டூசானில் இருக்கிறேன். ஹார்னிக்கு முன்பே எங்கள் பக்கம் இது நடந்தது. அரிசோனா, நியூ மெக்சிகோ, மெக்சிகோ எல்லை மூன்றும் முட்டும் மூலையில் சுமார் 8 லட்சம் ஏக்கர். பட்டா, மாநில நிலம், கூட்டாட்சி நிலம் எல்லாம் கலந்து கிடக்கும்.

1991இல் அங்கே ஒரு புல்தீ. நிலக்காரரோ எரியட்டும் என்றார். தீ இல்லாவிட்டால் புல்லை முட்புதர் விழுங்கிவிடும் என்பது அவர்களுக்கு அனுபவம். அரசு ஆட்கள் கேட்காமல் அணைத்துவிட்டார்கள். அந்தக் கோபத்தில் மாட்டுக்காரர்கள் கூடிப் பேசத் தொடங்கி, சூழலியலாளர்களையும் கூப்பிட்டு, 1994இல் மல்பை பார்டர்லேண்ட்ஸ் குரூப் என்ற அமைப்பாகப் பதிவு செய்தார்கள். தீயை அணைத்ததற்காக வந்த கோபம் பாருங்கள்!

எனக்குப் பிடித்தது அவர்களுடைய புல்வங்கி. வறட்சியில் உங்கள் நிலம் காய்ந்தால் 3 லட்சம் ஏக்கருக்கு மேல் விரிந்த கிரே பண்ணையில் உங்கள் மாட்டை விடலாம். காசு வேண்டாம். அந்தப் புல்லின் மதிப்புக்கு ஈடாக, உங்கள் நிலத்தை ஒருநாளும் மனைப்பிரிவு ஆக்கமாட்டோம் என்று பத்திரம் எழுதித் தர வேண்டும். உங்கள் நிலம் ஓய்வெடுக்கிறது, மாடும் பிழைக்கிறது, மனையும் வருவதில்லை. சல்லடை கேட்ட வீட்டுமனை இங்கே நிஜம்.

1996 மார்ச்சில் அவர்களில் ஒருவரான வார்னர் கிளென், பெலோன்சிலோ மலையில் வேட்டைநாய்கள் மறித்த ஒரு ஜாகுவாரைப் படம் எடுத்தார். மாட்டுக்காரர் ஜாகுவாரைப் பார்த்தால் தோட்டாதான் முதலில் போகும் என்பது பழைய வழக்கம். அவர் படத்தை வெளியிட்டார். ஜாகுவார் கன்றைத் தின்றால் ஈடு கொடுக்க அந்த அமைப்பே ஒரு நிதியும் வைத்தது.

#10 சல்லடை

மல்பை நல்ல கதை. அதை வைத்து எல்லாம் நல்லெண்ணத்தால் நடந்தது என்று எழுதிவிடாதீர்கள். ஹார்னிக்கே வருகிறேன். அங்கே ஸ்டீன்ஸ் மலை இருக்கிறது. 2000இல் அதற்கென்றே கூட்டு மேலாண்மைச் சட்டம் ஒன்று நிறைவேறியது. மாட்டுக்காரரும் சூழல்காரரும் ஒரே மேசையில் உட்கார்ந்து நிலத்தை மாற்றிக்கொண்டார்கள். சுமார் 1.7 லட்சம் ஏக்கர் காட்டுநிலமாக, அதாவது மனிதர் கை படாமல் விட்டுவைக்கும் இடமாக, அறிவிக்கப்பட்டது. அதில் ஒரு லட்சம் ஏக்கருக்குச் சற்றுக் குறைவான பகுதியில் மாடே கிடையாது என்று சட்டத்திலேயே எழுதினார்கள். ஏன் உட்கார்ந்தார்கள்? பொதுநிலங்களைக் கவனிக்கும் அப்போதைய உள்துறைச் செயலர் புரூஸ் பாபிட், நீங்களாக முடிவுக்கு வராவிட்டால் அதிபர் கையெழுத்தால் தேசிய நினைவிடம் என்ற பாதுகாக்கப்பட்ட பகுதியாக்கிவிடுவோம் என்ற கத்தியைத் தலைக்கு மேல் தொங்கவிட்டிருந்தார்.

கௌதாரிக்கும் அதுதான். அழியும் உயிரினப் பட்டியலில் சேர்த்துக் கட்டுப்பாடு போட்டுவிடுவார்கள் என்ற பயம்தான் வேலியில் வெள்ளைத் துண்டை மாட்டவைத்தது. 2014 டிசம்பரில் நாடாளுமன்றம் என்ன செய்தது? இந்தப் பறவையைப் பட்டியலிடப் பணம் செலவிடக் கூடாது என்று செலவு மசோதாவில் ஒரு வரியைச் செருகியது. 2015 செப்டம்பரில் அரசும் பட்டியல் தேவையில்லை என்றது. கத்தியை எடுத்துவிட்டீர்கள். இனி எத்தனை நாள் துண்டு மாட்டுவார்கள்?

#11 முள்வேலி

கத்தி இருந்தது உண்மை. ஆனால் கத்தி மட்டும் இருந்தால் ஆள் உட்கார மாட்டான், ஓடுவான். தன் நிலத்தில் கௌதாரி இருப்பது தெரிந்தால் ஆபத்து என்று அதை மறைப்பான், அல்லது இல்லாமல் செய்துவிடுவான். மேற்கில் அப்படி நடப்பதற்கு ஒரு பழமொழியே உண்டு: சுடு, புதை, வாயைத் திறக்காதே.

ஹார்னியில் 2014இல் அதைத் திருப்பிப்போட்டார்கள். மண், நீர் பாதுகாப்பு மாவட்டம் என்ற உள்ளூர் அமைப்பு, மத்திய மீன், வனவிலங்குத் துறையோடு ஓர் ஒப்பந்தம் போட்டது. பட்டா நிலத்துக்காரர் தம் பண்ணைக்கு ஒரு திட்டம் எழுதி ஒப்புக்கொண்டதைச் செய்துவந்தால், நாளைக்கே பறவை பட்டியலில் ஏறினாலும் முப்பது ஆண்டுக்குப் புதிய கட்டுப்பாடு வராது. அந்த முப்பது ஆண்டு உறுதிதான் ஆட்களை இழுத்தது. தன் நிலத்தில் கௌதாரி இருக்கிறது என்று வாய்திறந்து சொல்ல முடிந்தது. பறவைக்கு நல்லது மந்தைக்கும் நல்லது என்று எதுகை மோனையோடு ஆங்கிலத்தில் ஒரு வாசகம்கூட அங்கே பரவியது.

இதில் ஒரு கோணல் உண்டு. அந்த உறுதி பட்டாவுக்கு மட்டும். பொதுநிலத்துக்கு பி.எல்.எம்.மோடு வேறொரு உடன்படிக்கை. அதில் அவ்வளவு கெட்டியான உத்தரவாதம் சட்டப்படி தர முடியாது. ஒரே மாடு, ஒரே பறவை, வேலிக்கு இந்தப் பக்கம் ஒரு தாள், அந்தப் பக்கம் வேறொரு தாள்.

ஜூனிப்பர் மரத்தைச் சொல்ல மறந்தேன். தீயை அணைத்து அணைத்து, அது சேஜ் நிலத்துக்குள் ஏறிவிட்டது. நிலத்தில் நூற்றுக்கு நான்கு பங்கு மரநிழல் விழுந்தாலே கௌதாரி ஆட்டக்களத்தைக் கைவிடுகிறது. கிளையில் உட்காரும் பருந்துக்கும் காக்கைக்கும் அஞ்சி. மரம் வெட்டினால் மாட்டுக்குப் புல் கூடுகிறது. இந்த வேலைக்கு யாருக்கும் கத்தி தேவைப்படவில்லை.

மந்தைவெளி கேட்ட 2016க்கு இப்போது வருகிறேன். ஹாமண்ட் என்ற உள்ளூர்க் குடும்பத்தின் தந்தையும் மகனும் பொதுநிலத்தில் தீ வைத்த வழக்கில் மறுபடி சிறைக்குப் போக வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. அதைச் சாக்காக வைத்து ஜனவரி 2 அன்று அமன் பண்டி தலைமையில் ஆயுதக் குழு ஹார்னியிலுள்ள மல்ஹர் வனவிலங்குக் காப்பகத்துக்குள் புகுந்தது. 41 நாள். ஆட்கள் பெரும்பாலும் வெளியூர், வெளிமாநிலம். மேய்ச்சல் பெர்மிட்டைக் கிழித்தெறியுங்கள் என்று ஹார்னி மாட்டுக்காரர்களைக் கூப்பிட்டார்கள். விழா வைத்து மேடையேறிக் கையெழுத்துப் போட்டவர் நியூ மெக்சிகோக்காரர்.

உள்ளூர்க்காரர்களுக்கு அரசின்மேல் கோபமே இல்லை என்று நினைக்காதீர்கள். எழுபதுகளில் காப்பகத்தில் மேய்ச்சலைக் குறைத்தபோது வந்த பகை நெடுநாள் இருந்தது. ஆனால் 2016க்குள் காப்பக அதிகாரி, மாட்டுக்காரர், பறவை ஆர்வலர், பழங்குடி என எல்லோரும் கூடிக் கூடிப் பேசி, 2013இல் காப்பகத்துக்கு ஒரு நீண்டகாலத் திட்டத்தை முடித்திருந்தார்கள். பேச்சில் பாதி, ஏரியைக் கலக்கிச் சேறாக்கும் கார்ப் மீனை எப்படி ஒழிப்பது என்பது. சலிப்பூட்டும் கூட்டங்கள். நானும் இரண்டில் உட்கார்ந்து தூங்கியிருக்கிறேன். துப்பாக்கியோடு வந்தவர்கள், அதிகாரி உங்கள் பகைவன் என்றபோது, அந்த அதிகாரியோடு பல ஆண்டு காபி குடித்தவனுக்கு அது ஏறவில்லை.

#12 பனைநிழல்

எல்லோரும் மேசை, மேசை என்கிறீர்கள். அந்த மேசை போட்டிருக்கும் தரை யாருடையது?

1872இல் அந்தப் பகுதியில் மல்ஹர் பழங்குடி ஒதுக்கிடம் என்று 17 லட்சம் ஏக்கருக்கு மேல் பையூட் மக்களுக்கு ஒதுக்கினார்கள். மாட்டுக்காரரும் குடியேறிகளும் ஓரம் ஓரமாக நுழைந்தார்கள். 1878இல் பானக் பழங்குடியினர் அரசோடு மோதிய பானக் போர். அதைக் காரணம் காட்டி, 1879 ஜனவரியில், போரில் சேராதவர்களையும் சேர்த்து, பனியில் நடத்தியே வாஷிங்டன் மாநிலத்திலுள்ள யாகமா ஒதுக்கிடத்துக்கு விரட்டினார்கள். ஒதுக்கிடம் பொதுநிலமானது, பிறகு அதில் மாடு. 2016இல் உள்ளே புகுந்தவர்கள் நிலத்தை உரியவர்களிடம் திருப்பிக் கொடுக்கிறோம் என்றபோது, காப்பகக் கட்டடத்தில் பையூட் முன்னோரின் பொருட்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன.

2013 திட்டத்தில் பர்ன்ஸ் பையூட் மக்களும் பங்கெடுத்தார்கள், தெரியும். பங்காளி என்று பட்டியலில் ஒரு பெயர். பட்டாவுக்கு முப்பது ஆண்டு உத்தரவாதம் என்று படித்ததும் அவர்களுக்கு 1872இல் கொடுத்த உத்தரவாதம்தான் எனக்கு நினைவுக்கு வந்தது. அது ஏழு ஆண்டுகூட நிற்கவில்லை.

#13 முள்வேலி

இதற்கு என்னிடம் பதில் இல்லை. நான் எழுதியதில் அந்த வரலாறு விழுந்துபோனது என் பிழை.

#14 மட்டுறுத்துநர்

யார் நிலம் என்ற விவாதத்துக்குத் தனி இழை திறந்தாயிற்று. இங்கிருந்த இரண்டு காரசாரமான பதிவுகளை அங்கே மாற்றியிருக்கிறேன். பனைநிழல் பதிவு இங்கேயே இருக்கட்டும்.

#15 ஆட்டுக்கிடை

முள்வேலி, புல்லைப் பற்றி இன்னும் ஒன்று. அங்கே களை கிடையாதா? எங்கள் பக்கம் சீமைக்கருவேலம் வந்தபின் எந்தத் திட்டமும் எடுபடவில்லை.

#16 முள்வேலி

சரியான இடத்தில் கை வைத்தீர்கள். அங்கே சீமைக்கருவேலத்தின் இடத்தில் இருப்பது சீட்கிராஸ் என்ற ஓராண்டுப் புல். ஐரோப்பா, ஆசியா பக்கமிருந்து வந்தது. கோடை தொடங்குமுன்பே காய்ந்து சருகாகிவிடும். முன்பு சேஜ்புதர்களுக்கிடையே வெறுந்தரை இருந்ததால் தீ பரவாது. பல பத்தாண்டுக்கு ஒருமுறைதான் எரியும். இந்தச் சருகு இடைவெளியை நிரப்பிவிட்டதால் சில ஆண்டுக்கு ஒருமுறை எரிகிறது. வறண்ட மேட்டின் சேஜ் வெட்டினாலோ எரிந்தாலோ அடியிலிருந்து துளிர்க்காது. விதையிலிருந்துதான் வர வேண்டும். வருமுன் அடுத்த தீ. 2012இல் பக்கத்து மல்ஹர் கவுண்டியில் லாங் டிரா தீ ஒன்றே 5.5 லட்சம் ஏக்கரை விழுங்கியது.

அந்தக் காலத்துக் கட்டற்ற மேய்ச்சல்தான் சீட்கிராஸுக்குக் கதவைத் திறந்தது, சல்லடைக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இப்போது மாட்டை எடுத்துவிட்டால் அது போய்விடுமா என்றால், போகாது. தீ வந்தால் முதலில் தண்ணீர் வண்டியோடு ஓடுகிறவர்களும் மாட்டுக்காரர்கள்தான். ஓரிகனில் அவர்களே தீயணைப்புச் சங்கங்கள் வைத்திருக்கிறார்கள், அரசு பயிற்சி தருகிறது. கையெழுத்துகள், அளவுகோல்கள், வெள்ளைத் துண்டுகள் எல்லாவற்றையும் ஒரு ஜூலை மாதத்து மின்னல் ஒரே பகலில் அடித்துப்போகலாம். இரவில் என்னைத் தூங்கவிடாதது அதுதான், 1.35 டாலர் அன்று.

#17 மந்தைவெளி

ஆறு மாதம் கழித்து வருகிறேன், இழை இன்னும் திறந்திருப்பது நல்லதாயிற்று. ஏப்ரல் மூன்றாம் வாரம் மறுபடி போனேன். ஆட்டக்களம் ஒன்றுக்கு வழி விசாரித்து, விடிய ஒன்றரை மணி நேரம் இருக்கும்போதே காரை நிறுத்தி, விளக்கை அணைத்து, கண்ணாடியைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தேன். கை விறைத்துவிட்டது. முதலில் சத்தம்தான். தண்ணீருக்கடியில் குடத்தைக் கவிழ்த்தால் வருமே, அந்தக் குமிழிச் சத்தம், இருட்டில், பத்து இடத்திலிருந்து. வெளுத்தபிறகு வெள்ளை மார்புகள் தெரிந்தன. ஆள் பார்க்காத மிடுக்கு!

பக்கத்தில் ஒரு பிக்கப் வண்டி வந்து நின்றது. அந்த நிலத்தில் பெர்மிட் வைத்திருப்பவர். மாட்டை மே மாதம்தான் ஏற்றுவாராம். அவரும் எண்ண வந்தவர். நான் எண்ணியது 23. அவர் 26 என்றார், நான் வாயைத் திறக்கவில்லை. போன ஆண்டு எத்தனை என்று கேட்டேன். 31 என்றார். பிறகு இறங்கிப் போய் வேலியில் கழன்றிருந்த ஒரு வெள்ளைத் துண்டை மாட்டிவிட்டு வந்தார்.

#18 சல்லடை

31லிருந்து 26. குறித்துக்கொண்டேன். பெட்டை எத்தனை?

#19 முள்வேலி

ஓராண்டு எண்ணை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. இந்தப் பறவை தானாகவே சில ஆண்டு ஏறிச் சில ஆண்டு இறங்கும். களத்தில் சேவலைத்தான் எண்ணுவது வழக்கம்.

#20 மந்தைவெளி

பெட்டைகள் புதர் ஓரத்தில் நின்றன என்று அவர் காட்டினார். எனக்குக் கடைசிவரை ஒன்றுகூடத் தெரியவில்லை.